பெரம்பூர் டீக்கடை பெஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கால்பந்துக் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பந்து ஆட இறங்கினால், எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். ரயில்வேயில் வேலை பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், கணக்கு வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. பேச்சு முந்தின நாள் மேட்ச்சில் தொடங்கும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், முழங்கால் வலி என்று சுற்றிவிட்டு மறுபடி மேட்ச்சுக்கே வரும். புதிதாக வருகிறவர்களும் வீட்டில் இருக்கிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். பதினைந்து வருடமாகக் கேட்டதில் முக்கியமானவற்றை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ஆட்டம் 90 நிமிஷம்னு சொல்றீங்க. டிவியில 97 ஓடிட்டிருக்கு. யாரு கணக்கு தப்பு?

யார் கணக்கும் தப்பில்லை. கால்பந்தில் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. ஒருவர் அடிபட்டுக் கிடந்தாலும், ஆள் மாற்றினாலும், கோல் போட்டுக் கொண்டாடினாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப் போன நேரத்தை ரெஃப்ரி கணக்கு வைத்து, ஒவ்வொரு பாதியின் கடைசியிலும் சேர்த்துக் கொடுப்பார். பலகையில் காட்டும் எண் குறைந்தபட்ச நேரம்தான், அதற்கு மேலும் போகலாம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் ஈரான் கீப்பருக்குத் தலையில் அடிபட்டது. அந்த முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள்.

தோற்றவர் வெளியேறும் நாக்அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் வரும் 15+15 நிமிடம் வேறு. அதற்குப் பிறகுதான் பெனால்டி. எனவே வீட்டில் சொல்லும்போது “ஒன்றரை மணி நேரம்” என்று சொல்லாதீர்கள். இடைவேளை 15 நிமிடம், சேர்த்த நேரம் எல்லாம் கூட்டினால் சாதாரண மேட்ச்சே இரண்டு மணி நேரம் ஆகும். சரியான நேரத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

ஆஃப்சைடு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறல. இந்த டீ கிளாஸை வெச்சு சொல்லிக் குடுங்களேன்.

பெஞ்சின் ஓரத்தைக் கோல் லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையொட்டி இருக்கும் சர்க்கரை டப்பா எதிரணி கீப்பர். ஒரு முழம் தள்ளி இருக்கும் பிஸ்கட் பாட்டில் கடைசி டிஃபென்டர். உங்கள் டீ கிளாஸ்தான் ஃபார்வர்டு. உங்கள் கூட்டாளி பந்தைத் தட்டும் அந்த நொடியில், கிளாஸ் பிஸ்கட் பாட்டிலைத் தாண்டி, பந்தையும் தாண்டி டப்பா பக்கம் நின்றால் அது ஆஃப்சைடு இடம். பாட்டிலுக்கு நேர்கோட்டில் நின்றால் பிரச்சினை இல்லை.

எல்லாரும் தடுமாறும் இடம் அந்த “நொடி”. பந்து வந்து சேரும்போது எங்கே நிற்கிறீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அது கூட்டாளியின் காலை விட்டுக் கிளம்பியபோது எங்கே நின்றீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். அதனால்தான் ரீப்ளேயில் பாஸ் கொடுப்பவரின் காலில் படத்தை நிறுத்துகிறார்கள். டிவியில் ஃபார்வர்டு டிஃபென்டரைத் தாண்டிப் பத்தடி முன்னால் ஓடுவது தெரியும்போது பந்து கிளம்பி ஒரு வினாடி ஆகியிருக்கும்.

சட்டம் சொல்வது “கடைசிக்கு முந்தைய எதிராளி” என்று. கீப்பர் முன்னேறி வந்துவிட்டால், பின்னால் இருக்கும் இருவரில் அவர் இல்லாமலும் போகலாம். 1925க்கு முன் மூன்று பேர் பின்னால் இருக்க வேண்டும் என்று இருந்தது. கோலே விழாமல் போனதால் இரண்டாகக் குறைத்தார்கள். சொந்தப் பாதியில் நின்றால் ஆஃப்சைடு கிடையாது. த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலும் நேராக வரும் பந்துக்கும் கிடையாது. தோளுக்குக் கீழே இருக்கும் கை கணக்கில் வராது. அந்த இடத்தில் சும்மா நிற்பதும் குற்றமில்லை. பந்தைத் தொட்டாலோ, எதிராளிக்கு இடைஞ்சல் செய்தாலோதான் கொடி உயரும்.

எந்த டீமுக்கு சப்போர்ட் பண்றதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?

பெரும்பாலும் அது நாம் முடிவு செய்வதில்லை. மாமா போட்டிருந்த சட்டை, முதன்முதலில் பார்த்த மேட்ச், பக்கத்து வீட்டு அண்ணன் சுவரில் ஒட்டிய படம் என்று ஏதோ ஒன்று நம்மைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு அர்ஜென்டினா அப்பா வழியாக வந்தது. 1986 உலகக் கோப்பையில் மரடோனாவைப் பக்கத்துத் தெருவில் ஒரு கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்த கதையை அவர் அத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

என் ஆலோசனை ஒன்றுதான். வெளிநாட்டு அணி எதுவாகவும் இருக்கட்டும், அதோடு பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கக்கூடிய ஓர் அணியும் வேண்டும். ஏன் என்பதைக் கடைசிப் பக்கத்தில், லீக் பற்றிய கேள்விக்குச் சொல்கிறேன்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு மேட்ச், காலையில எட்டு மணிக்கு ஷிஃப்ட். நீங்கள்லாம் எப்படித்தான் பார்க்கிறீங்க?

எல்லா மேட்ச்சையும் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் அவர்களுக்கு இரவு 8 மணி, நமக்கு 12.30 அல்லது 1.30. இந்த ஒரு மணி நேர வித்தியாசம், அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவதால் வருகிறது. மார்ச்சில் நமக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும், அக்டோபரில் போகும். காலண்டரில் அந்த இரண்டு ஞாயிறையும் வட்டம் போட்டு வையுங்கள். பழைய நேரத்தை நம்பி உட்கார்ந்து, முதல் பாதி முழுவதையும் விட்டவர்கள் எங்கள் பெஞ்சிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் இருப்பவர்கள் டிவியில் நேரலையாகப் பார்க்க முடியாது. மதியம் 2.45 முதல் 5.15 வரை அங்கே ஒளிபரப்புத் தடை உண்டு. பெரிய அணிகளின் ஆட்டம் டிவியில் வந்தால் சின்ன ஊர் அணிகளின் மைதானத்துக்கு ஆள் வராது என்று 1960களிலிருந்து இருக்கும் ஏற்பாடு. மான்செஸ்டர்க்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாத மேட்ச்சைப் பெரம்பூரில் நாம் இரவுச் சாப்பாட்டோடு பார்க்கிறோம். சின்ன மைதானங்களைக் காப்பாற்ற ஒரு நாடே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்வேன்.

வேலை நாட்களுக்கு எங்கள் பழக்கம் இது. ஒன்பது மணிக்குப் படுத்து, அலாரம் வைத்து எழுந்து, மேட்ச் முடிந்ததும் மறுபடி படுப்பது. விடிய விடிய விழித்திருப்பதைவிட இது உடம்புக்குத் தாங்கும். பைக்கில் வேலைக்குப் போகிறவர்களும் மெஷினில் நிற்கிறவர்களும் நள்ளிரவு மேட்ச்சை விட்டுவிடுங்கள். காலையில் முழு மேட்ச்சையும் போட்டுப் பார்க்கலாம். ஸ்கோரை முன்கூட்டியே சொல்லும் ஆள் எங்கள் பெஞ்சில் அன்று எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும்.

வீட்ல ஒரே டிவி. எட்டரைக்கு அம்மாவுக்கு சீரியல். போன்ல பாத்தா கண்ணு வலிக்குது. வேற வழி?

சீரியல் அம்மாவுக்குச் சமையல், பாத்திரம் எல்லாம் முடிந்து கிடைக்கும் அரை மணி நேரம். அதைக் கேட்டு வாங்காதீர்கள். பெரிய மேட்ச் எப்போது வருகிறது என்பது ஒரு மாதம் முன்பே தெரியும். மாதத்துக்கு இரண்டு இரவுகளை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுங்கள்.

என் வீட்டில் வேறு மாதிரி ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே அம்மா கேட்க ஆரம்பித்தார்: “இந்தப் புள்ளைக்கு எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா? அம்மா உயிரோட இருக்காங்களா?” நான் தெரிந்ததைச் சொன்னேன். வறுமையில் வளர்ந்த ஆட்டக்காரர்களின் கதைகளை அவர் மறக்கவே மாட்டார். ஆஃப்சைடு அவருக்கு இன்றும் தெரியாது. ஆனால் சாதியோ மானே அடிபட்டு ஓய்விலிருந்தபோது “அந்த செனகல் புள்ள எப்போ வரும்?” என்று வாரா வாரம் விசாரித்தார்.

சென்னையில யாருங்க ஃபுட்பால் பாக்குறாங்க? இங்க எல்லாம் கிரிக்கெட்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைக் கையைப் பிடித்து வியாசர்பாடிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றும். அதற்குக் ‘குட்டி பிரேசில்’ என்றே பெயர். 1997இல் அங்கே உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு இளைஞர்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். பயிற்சிக்கு வர வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. அந்தப் பகுதியிலிருந்து வந்த தனபால் கணேஷ் இந்திய அணிக்கு ஆடினார். 2018 ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக, நம் ஊர் அணியான ‘சென்னையின் எஃப்.சி’க்கு ஒரு கோலும் போட்டார். வடசென்னையின் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவில், டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்தார். நான்கு வருடத்துக்கு மேலாக ஒரே ஊர் அணிகள் மோதும் அந்த டெர்பியில் தோற்றுக்கொண்டே இருந்த ஈஸ்ட் பெங்கால் அன்று ஜெயித்தது. அன்று இரவு எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள், தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தபோதே.

இது இப்போது முளைத்ததும் இல்லை. ஐ.சி.எஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை என்று அலுவலக அணிகள்தான் சென்னை லீக்கைப் பல வருடம் தாங்கின. 1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கி அதில் ஆடியது. பந்து நன்றாக ஆடினால் அரசு வேலை கிடைக்கும் என்பது வடசென்னையில் பல குடும்பங்களின் கதை. ஐ.சி.எஃப் கிரவுண்டில் பெட்டித் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு மேட்ச் பார்த்ததைச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

சென்னைக்கு வெளியேயும் அப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் மீன்பிடிக்கிற வீடு ஒவ்வொன்றிலும் ஒரு பூட்ஸ் தொங்கும். மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரையிலிருந்து, இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர். மதுரையின் சேது எஃப்.சி 2019இல் மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கை எடுத்தது. கடலூர்ப் பக்கத்து இந்துமதி கதிரேசன் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்கு ஆடினார். கோவையை வீடாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி 2018–19இல் ஐ-லீக் சாம்பியன். இவ்வளவும் இருக்கிறது, பேசுகிறவர்கள்தான் குறைவு.

நேரு ஸ்டேடியத்துக்கு ஒரு பொண்ணு தனியா மேட்ச் பாக்க வரலாமா? அண்ணன் வேணாங்கிறான்.

வரலாம், வருகிறார்கள். முதல் தடவை மட்டும் யாராவது ஒருவரோடு வாருங்கள். வாசல், இருக்கை, திரும்பும் வழி மூன்றும் பழகிவிடும். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தால் அங்கிருந்து பெரியமேட்டில் இருக்கும் ஸ்டேடியம் நடக்கும் தூரம்தான். மெட்ரோவும் உண்டு. தண்ணீர் பாட்டிலையும் பெரிய பையையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், எடுத்து வராதீர்கள். மேட்ச் முடிந்தவுடன் எழுந்து ஓடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் நெரிசல் குறைந்துவிடும்.

ரசிகர் குழுக்கள் டிரம்ஸோடு நிற்கும் பக்கம் சத்தம் அதிகம், 90 நிமிடமும் நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். பாட்டுத் தெரியாவிட்டால் கவலை இல்லை, இரண்டாவது சுற்றில் தானாக வாயில் வந்துவிடும். உட்கார்ந்து பார்க்க விரும்பினால் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் போங்கள். அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள்: அவருக்கும் ஒரு டிக்கெட் எடுப்பதாக.

தம்பி, என் பையன் எட்டாவது படிக்கிறான். பந்து பந்துன்னு கிடக்கிறான். படிப்பு என்னாகும்?

அக்கா, இந்தக் கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்ல மாட்டேன். இந்தியாவில் பந்து ஆடியே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் கொஞ்சம். அதனால் படிப்பை விடச் சொல்லி யாராவது பயிற்சியாளர் கேட்டால், அந்த இடத்திலிருந்து பையனை உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வியாசர்பாடியில் வைத்த நிபந்தனையை மேலே சொன்னேனே, நல்ல இடத்துக்கு அதுதான் அடையாளம்.

ஆனால் பந்தையும் நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. இவற்றுக்குச் சான்றிதழ் முக்கியம். மாவட்ட அளவில், மாநில அளவில் ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் சான்றிதழை அன்றே கேட்டு வாங்கி, ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். எங்கள் பெஞ்சில் ஒருவருக்கு மாநில அளவில் ஆடியும் தாள் கையில் இல்லாமல் வேலை போயிற்று. அவர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் முதலில் “சர்டிஃபிகேட் வாங்கினியா?” என்றுதான் கேட்பார்.

டீம் தோத்தா அன்னிக்குப் பூரா என் வீட்டுக்காரர் யார்கிட்டயும் பேசறதில்ல. இது சாதாரணமா?

அரை நாள் என்றால் சாதாரணம்தான். 2020 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி ஐ.எஸ்.எல் ஃபைனலில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோற்றது. கொரோனாவால் கோவா மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவில் ஆட்டக்காரர்கள் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மனது ஒன்றில் கிடந்தால் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் கோபம் பிள்ளைமேல், சாப்பாட்டுத் தட்டுமேல் போனால் அது கால்பந்துப் பிரச்சினை இல்லை; அதைச் சும்மா விடக்கூடாது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தோற்ற இரவு ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவோம். உங்கள் வீட்டுக்காரரையும் ஞாயிறு காலை அனுப்பிவையுங்கள். சென்னையின் எஃப்.சி.யின் 2015 கதையை அவருக்குச் சொல்கிறோம். டிசம்பர் வெள்ளத்தில் பாதிச் சென்னை மூழ்கிக் கிடந்தது, சொந்த ஊரில் அரையிறுதி ஆட முடியவில்லை, புனேவுக்குப் போனார்கள். அங்கே கொல்கத்தாவை 3–0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 ஃபைனலில் கோவாவிடம் 2–1 என்று பின்தங்கி 90ஆவது நிமிடம் வந்துவிட்டது. கோவா கீப்பர் கட்டிமணியின் கைபட்டு ஒரு சொந்த கோல், அடுத்த இரண்டு நிமிடத்தில் நம் மெண்டோசா ஒன்று. 3–2. வீட்டுக்குள் புகுந்த சேற்றை இன்னும் முழுதாகக் கழுவி முடிக்காதவர்கள் அன்று இரவு தெருவில் இறங்கி ஆடினார்கள்.

மெஸ்ஸியா ரொனால்டோவான்னு வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சு, சித்தப்பா பையன்கூட பேச்சே நின்னுபோச்சு. என்ன பண்ண?

இன்றைக்கே நேரில் போய்ப் பாருங்கள். எழுத்தில் முகம் தெரியாது. “போடா” என்பதை எந்தக் குரலில் சொன்னீர்கள் என்று அவருக்குக் கேட்காது. எங்கள் பெஞ்சில் அந்த விவாதம் வாரா வாரம் நடக்கிறது, ஒருவரும் விலகிப் போனதில்லை. வாத்தியார் ரொனால்டோவுக்காக உயிரைக் கொடுப்பார். அவர் மகளின் காதுகுத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றது மெஸ்ஸி பக்கத்து ஆள்தான்.

வீடியோவை அத்தனை தடவை போட்டுப் பாத்தும் ரெஃப்ரி தப்பாவே சொல்றாரே?

வி.ஏ.ஆர், அதாவது வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் குழு, எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறிக் கொடுத்த அட்டை என்று நான்கு விஷயங்களில்தான் முக்கியமாகத் தலையிடும். இரண்டாவது மஞ்சள் அட்டை, நடு மைதானத்து ஃபவுல் எல்லாம் அதன் எல்லைக்குள் வராது என்பதுதான் பல வருடமாக இருந்த விதி. அந்த நான்கிலும்கூட, களத்து ரெஃப்ரி சொன்னது தெளிவான தவறு என்றால்தான் மாற்றுவார்கள். ‘நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்’ என்பது போதாது.

ஆஃப்சைடு மட்டும் கோடு போட்டு அளப்பது. மேலே டீ கிளாஸை வைத்துச் சொன்ன அந்த “நொடி” இங்கே சிக்கலாகிறது. சாதாரண ஒளிபரப்பு கேமரா வினாடிக்கு 50 படம் எடுக்கிறது. வேகமாக ஓடுகிறவர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். எந்தப் படத்தில் நிறுத்துகிறோம் என்பதை வைத்தே விரல்கடை அளவு ஆஃப்சைடு மாறிவிடும். அதனால்தான் கத்தாரில் பந்துக்குள்ளேயே உணரி வைத்து, உதைபட்ட நொடியைக் கண்டுபிடித்தார்கள். ஹேண்ட்பால் மாதிரி விஷயங்களில் எத்தனை கேமரா வந்தாலும் கடைசியில் ஒரு மனிதர்தான் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் ஞாயிறு ஆட்டத்தில் ரெஃப்ரியாக ஒரு மாதம் நின்று பார்த்த பிறகு நான் டிவி பார்த்துத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

ஸ்கோரை சரியா சொல்லி ஆப்ல பணம் எடுக்கலாம்னு ஃப்ரெண்டு கூப்பிடுறான். சின்ன தொகைதானே?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு வெளியே வெளிநாட்டிலிருந்து நடத்தும் ஆப்களில் போட்ட பணத்துக்கு யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. எங்களோடு ஆடிய ஒரு பையன் நூறு ரூபாயில் ஆரம்பித்து, அம்மா கட்டிய சீட்டுப் பணம் முழுவதையும் விட்டான். பெஞ்சுக்கு வர வெட்கப்பட்டு ஒரு வருடம் வரவில்லை. நாங்கள் போய்க் கூட்டிவந்தோம். பணம் வைத்த பிறகு மேட்ச்சே கண்ணில் படவில்லை, நம்பர்தான் தெரிந்தது என்று சொன்னான்.

1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததுக்கு, செருப்பில்லாம ஆட விடலங்கிறதுதான் காரணமாமே?

எல்லாரும் சொல்லும் கதை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியது உண்மை. பிரான்ஸிடம் 2–1 என்று தோற்றார்கள், அதிலும் இரண்டு பெனால்டியை விட்டு. 1950இல் பிரேசிலுக்குத் தகுதி கிடைத்தது மற்ற ஆசிய அணிகள் விலகியதால். போகாமல் இருந்ததற்கு வெறுங்கால் முக்கியக் காரணம் இல்லை என்று அப்போதைய கேப்டன் சைலன் மன்னாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீண்ட கப்பல் பயணம், குறைந்த பயிற்சி நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக அன்றைய நிர்வாகத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதைச் சுடுகிறது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். பயிற்சியாளர் ரஹீமின் காலத்தில் ஆசியாவின் முதல் வரிசையில் இருந்த அணி அது. அவர் 1963இல் இறந்தார். அந்த இடத்துக்கு நாம் இன்னும் திரும்பவில்லை.

நம்ம லீக்கே நிக்குமா நிக்காதான்னு இருக்கு. இதை நம்பி எதுக்கு மனசை வெக்கணும்?

நியாயமான பயம். 2025 செப்டம்பரில் வழக்கம்போல் தொடங்க வேண்டிய ஐ.எஸ்.எல் தொடங்கவில்லை. நடத்தும் உரிமை ஒப்பந்தம் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது, புதியது கையெழுத்தாகியிருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் தாங்களே வெளிப்படையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. மேலே சொன்ன சென்னை சிட்டி போன்ற கதையும் இருக்கிறது; சாம்பியன் ஆன சில வருடங்களில் அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது.

ஆனாலும் போகச் சொல்கிறேன். 2018 ஜூனில் மும்பையில் இந்தியா சைனீஸ் தைபேயை 5–0 என்று வென்றபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். அப்போதைய இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் வந்து, “திட்டுவதற்காவது வாருங்கள்” என்ற பொருளில் கேட்டார். அடுத்த மேட்ச்சுக்கு டிக்கெட் தீர்ந்தது. டிவியில் பார்க்கும் அணிக்கு நாம் இருப்பது தெரியாது. நேரு ஸ்டேடியத்தில் நாம் போடும் சத்தம் கீழே ஆடுகிறவனுக்குக் கேட்கிறது, இதுதான் நான் மேலே சொல்லாமல் விட்ட காரணம். பெரிய லீக் நின்றாலும் சென்னை லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. அங்கே லைனுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அப்பா போயி காரியம்கூட முடியல. ஃபைனல் பாக்கணும்போல இருக்கு. பாத்தா தப்பா, அண்ணா?

2022 டிசம்பரில், அர்ஜென்டினா–பிரான்ஸ் உலகக் கோப்பை ஃபைனலுக்கு முன், எங்கள் பெஞ்சுத் தம்பி ஒருவன் இதைப் போனில் கேட்டான். சரி, தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், அம்மாவைக் கேள் என்றேன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அம்மாவின் மனசுதான் முக்கியம். அவர் வேண்டாமென்றால் நாங்கள் யாரும் அன்று பார்ப்பதாக இல்லை.

அம்மா சொன்னது: “அவரு இருந்தா இந்நேரம் டிவியப் போட்டிருப்பாரு.” அவனுடைய அப்பாவும் என் அப்பாவைப் போல மரடோனா காலத்து ஆள். எட்டு மணிக்குப் பதினோரு பேர் போனோம், யாரும் அணிச் சட்டையை மாட்டிக்கொள்ளவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்த படத்துக்குப் பக்கத்திலேயே டிவி. அம்மா வந்து அதைப் போட்டுவிட்டுச் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தார். மெஸ்ஸி இரண்டு, எம்பாப்பே மூன்று, 3–3, எல்லாம் ஊமைப் படமாக ஓடியது. பெனால்டியில் அர்ஜென்டினா கீப்பர் மார்ட்டினெஸ் பாய்ந்து பிரான்ஸின் கோமான் அடித்த பந்தைத் தட்டிவிட்டபோது பதினோரு பேரும் ஒரு சத்தமும் போடாமல் எழுந்து நின்றோம்.